முதுகுக்குப் பின்னால் இடது கை

பரணிலிருந்து இறக்கிய 14 அங்குல கலர் மானிட்டர். சுவிட்சைப் போட்டால் படம் இல்லை, திரையின் நடுவே குறுக்காக ஒற்றை வெள்ளைக் கோடு. உடனே அணைத்தேன். கதிர் முழுவதும் அந்த ஒரே இடத்தில் விழுந்தால் பாஸ்பர் பூச்சு கருகி, கோடு நிரந்தரத் தழும்பாகிவிடும்.

கதிரை மேலும் கீழும் இழுக்கும் பகுதி படுத்துவிட்டது. அங்கேயிருக்கும் ஐ.சி. சூடேறிச் சூடேறி ஆறியதில், அதன் கால்களைப் பிடித்திருக்கும் ஈயம் மோதிரம் போல விரிசல் விட்டிருக்கலாம். மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பார்கள். மறுபடி ஈயம் வைப்பது ஐந்து நிமிட வேலை. அதுவரை போய்ச் சேருவதுதான் பாடு.

கல்லூரி நாட்களில் எங்கள் தெரு டி.வி. மெக்கானிக் அண்ணனிடம் எடுபிடியாக இருந்தேன். "பிளக்கைப் பிடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு நெனைக்காதடா" என்பார். பிக்சர் டியூபின் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் மின்சாரம் கடத்தும் பூச்சு, நடுவில் கண்ணாடி. டியூபே ஒரு கெப்பாசிட்டர்தான். 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறியதை நாள்கணக்கில்கூட வைத்திருக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை நான் மாற்றுவதில்லை. மோதிரம், வாட்ச் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒரு வயர். அதன் மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் வெற்றுப் பின்னல் கம்பியில் முதலில் கிளிப் போட வேண்டும். போர்டில் எங்காவது மாட்டினால் ஐ.சி.கள் போய்விடும். பிறகுதான் டியூபின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் கேப்புக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையை நுழைப்பது. இடது கை முதுகுக்குப் பின்னால். இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும்.

'சடக்' என்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டேன், மெல்லிய இன்னொரு 'சடக்'. கண்ணாடி தன்னுள் ஊறிய மின்சாரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்.

"வாத்தியார்கிட்ட திட்டு வாங்குற மாதிரி ஏம்ப்பா நிக்கிறே?" என்றான் மகன்.

பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் அங்கே 325 டி.சி.யாக நிற்கும். டியூபின் கழுத்துப் பக்கம் கை போகாமல் போர்டை வெளியே இழுத்தேன். அங்கே கண்ணாடி மெலிசு. கீறினால் 'ஸ்ஸ்' என்று காற்று ஏறி டியூப் வீண். லென்ஸில் பார்த்தால், ஐ.சி.யின் இரண்டு கால்களில் அதே மோதிரம்.

ஈயம் வைத்து, மூடி, போட்டேன். படம் வந்தது.

"சாஞ்சிருக்கே" என்றான்.

கழுத்திலிருக்கும் யோக்கை, அதாவது கதிரை இழுக்கும் சுருளை, எப்போதோ இடித்திருக்கிறேன். மறுபடி பின்மூடி, கிளிப், ஸ்க்ரூடிரைவர். இடது கை தானாகவே பின்னால் போனது.