மாப்பிள்ளை போட்ட தீயும் ஆயாம்மா ஊதிய தீயும்

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். கோபம் வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கடந்த ஞாயிறு நான் போட்ட படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். டெக்சாஸில் மகள் வீட்டுக் கொல்லைப்புறம். கையில் இடுக்கி, புகையில் சிவந்த கண்களோடு மாப்பிள்ளை. பக்கத்தில் புதிதாக வாங்கிய ஆஃப்செட் ஸ்மோக்கர். அந்தப் படத்துக்கு வந்த பாராட்டுகளை எண்ணி முடியவில்லை. "அக்னி புத்திரன்" என்றார் ஒருவர். "இது சமையல் இல்லை சார், தவம்" என்றார் இன்னொருவர். என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஆசிரிய நண்பர், "பதின்மூன்று மணி நேரம் தீயைக் காப்பது சும்மாவா? இதுதான் உண்மையான கைத்திறமை" என்று எழுதினார். மகிழ்ச்சி.

அதே நண்பர் அதே வாரம் எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர் குழுவில் என்ன எழுதினார் தெரியுமா? சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் போராடுவதைப் பற்றிய செய்தி வந்தது. அதன் கீழே எழுதினார்: "அடுப்புல வெறகு வச்சு ஊதுறதுக்கெல்லாம் காலமுறை ஊதியமா? அது என்ன படிச்சுப் பார்க்கிற வேலையா?" பன்னிரண்டு பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள்.

இந்த இரண்டு கருத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஃப்செட் ஸ்மோக்கர் என்பது நீளமான இரும்புப் பீப்பாய். அதன் ஒரு பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, தீ எரிவதற்குத் தனி அறை. இறைச்சி தீக்கு மேலே இருக்காது. பக்கத்து அறையில் எரியும் விறகின் சூடும் புகையும் பீப்பாய் வழியாக நகர்ந்து, மறுகோடியில் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறும். போகிற வழியில் இறைச்சியை மெதுவாக வேக வைக்கும். இதில் மின்சாரம் கிடையாது, பொத்தான் கிடையாது. விறகு, காற்று, மனிதன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை உள்ளே எண்ணெய் தடவி, இரண்டு மூன்று மணி நேரம் வெறும் தீ எரித்துப் பழக்கினார் மாப்பிள்ளை. புது இரும்பில் இருக்கும் தொழிற்சாலைப் பிசுக்குப் போக வேண்டுமாம். நம் வீட்டில் புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான்.

சனிக்கிழமை கோழி. சூடு ஏறிக்கொண்டே போனதால் காற்று வரும் துவாரத்தை இறுக்கி மூடினோம். தீ அடங்கியது. புகை மட்டும் வெள்ளையாக, பஞ்சு மாதிரி, குபுகுபுவென்று வந்தது. "பாருங்க மாமா, நல்லாப் புகையுது" என்று மாப்பிள்ளை சந்தோஷப்பட்டார். நானும் தலையாட்டினேன். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால் கோழி நிறம் அழகு, வாயில் வைத்தால் கஷாயம். பேத்தி துப்பிவிட்டாள். "தாத்தா, மருந்து மாதிரி இருக்கு!"

அன்று இரவு எட்டு மணிக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஊரில் ஞாயிறு காலை ஆறரை. விருதுநகர் மாவட்டத்தில் நான் தலைமையாசிரியராக இருந்த நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமையலராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். பள்ளியில் எல்லோரும் அவரை ஆயாம்மா என்போம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வருகைப் பதிவேட்டில் மாதாமாதம் அவர் பெயரைப் பார்த்தவன், ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

ஸ்மோக்கரைக் காட்டினேன். புகையின் படத்தைக் காட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"சார், வெள்ளப் பொக வந்தா வெறகு அழுவுதுன்னு அர்த்தம். மூச்சு முட்டுது அதுக்கு. காத்த அடைக்காதீங்க. சூடு கூடுனா கதவ மூடக் கூடாது, வெறகக் கொறைக்கணும். சின்னச் சின்னதாப் பொளந்து, அடுப்பு மேலயே வச்சுக் காய வச்சுப் போடுங்க. பொக கண்ணுக்கே தெரியாம நீலமா வரணும்."

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். பல நாள் காணொளிகள் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தவர் அவர். அதே பாடம்தான் அந்தக் குறிப்பேட்டிலும் இருந்தது: அடர்ந்த வெள்ளைப் புகை என்பது காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும் விறகு, அதன் தார்ப் பிசின்தான் கசப்பு, மெல்லிய நீலப் புகைதான் நல்ல தீயின் அடையாளம். படித்த எங்களுக்குப் படித்தது கைக்கு வரவில்லை. அவருக்குக் கண்ணாலேயே தெரிந்தது.

பேச்சுக்கு நடுவே இரண்டு முறை அவருக்கு இருமல் வந்து அழைப்பை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்குப் பன்றியின் தோள்பட்டைக் கறியை உள்ளே வைத்தோம். இந்த ஊரில் மாட்டின் நெஞ்சுக்கறிதான் ராஜா. ஆனால் முதல் முறை செய்கிறவர்கள், தப்புச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் தோள்பட்டையில் தொடங்குவது நல்லது என்பார்கள். ஸ்மோக்கருக்குள் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ். அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு விறகு. கறியின் உள்சூடு 68 டிகிரி வரை ஏறி, அங்கேயே மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை பதறினார். எனக்குப் பதற்றம் இல்லை, ஏனென்றால் இது நான் நடத்திய பாடம். மண்பானை வியர்த்துத் தண்ணீர் குளிர்வது போல, கறியின் மேல் ஈரம் ஆவியாகி சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. ஈரம் குறைந்தால் தானாக ஏறும். ஏறியது. 94 டிகிரியில், மாலை ஆறு மணிக்கு எடுத்தோம். எலும்பு கையோடு வந்தது. பேத்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாப்பிள்ளை பாராட்டுக்கு உரியவர்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. என் கேள்வி வேறு. பதின்மூன்று மணி நேரம் ஒரு நாள் தீயைக் காத்தவருக்கு இவ்வளவு பட்டம் என்றால், வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல், இருபத்தைந்து வருடம் தீயைக் காத்தவருக்கு என்ன பட்டம்?

எங்கள் பள்ளிச் சமையற்கூடம் ஐந்தாம் வகுப்புக்கு அடுத்து இருந்தது. கல்நார்க் கூரை. ஒரே ஒரு ஜன்னல். எண்பது பிள்ளைகளுக்கு மணி பன்னிரண்டரைக்குள் சோறும் குழம்பும் முட்டையும் தயாராக வேண்டும். விறகு சீமைக்கருவேலம். மழைக்காலத்தில் ஈர விறகு. ஈர விறகில் ஒரு நாள்கூடச் சோறு தாமதமானதில்லை, ஒரு நாள்கூடப் புகை நாற்றம் அடித்ததில்லை. அதன் பின்னால் எவ்வளவு அறிவு இருந்தது என்று சனிக்கிழமை கோழி கசந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இங்கே கடையில் மெஸ்கீட் என்று ஒரு விறகைப் பையில் அடைத்து விற்கிறார்கள். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, ஒரே குடும்பம். இங்கே அதற்கு அழகான உறை, சுவை பற்றி நாலு வரி விளக்கம். நம் ஊரில் அதே சாதி முள்விறகை வெட்டி, தலையில் சுமந்து வந்த பெண்ணின் கையில் முள் தைத்த காயம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அந்தப் புகை ஐந்தாம் வகுப்புக்குள் வரும். நான் மேலிடத்துக்கு மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்றிலும் எழுதியது ஒன்றே: "புகையால் மாணவர்களின் படிப்புக்கு இடையூறு." அந்தப் புகைக்கு நடுவிலேயே ஒரு மனுஷி நிற்கிறாள் என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. ஆகவே நண்பரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நம் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் சமைக்கும் புகையால் 2020இல் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 32 லட்சம் பேர். அடுப்போடு அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும். மாப்பிள்ளை திறந்த வெளியில் நின்றார். கண் எரிந்தால் உள்ளே போய்க் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தார். இரண்டும் ஒரே புகை இல்லை.

வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பொழுதுபோக்கையும் வேலையையும் ஒப்பிடலாமா சார்?" ஒப்பிட்டது நான் இல்லை. பொழுதுபோக்கைத் திறமை என்றும், வேலையை ஊதுவது என்றும் சொன்னது நீங்கள்தான். விரும்பியபோது செய்து விரும்பாதபோது விடுகிறவனுக்குத் திறமை உண்டு, விட முடியாதவளுக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்?

"எல்லா வீட்டுப் பெண்களும் செய்கிறதுதானே?" அதுதான் சங்கதி. எல்லாப் பெண்களும் செய்ததால் அதற்கு விலை இல்லாமல் போனது. இதே டெக்சாஸில் 2024இல் மிஷலின் கையேடு முதன்முதலாக வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். தீயைக் காப்பவருக்கு இங்கே பிட்மாஸ்டர் என்று பெயர். ஆனால் இந்த நாட்டின் தென்மாநிலங்களில் இரவெல்லாம் விழித்துக் குழிவெட்டித் தீ காத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். அவர்களுடைய விடுதலைச் செய்தி 1865 ஜூன் 19 அன்றுதான் இதே டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. அந்த நாள் தேசிய விடுமுறையானது 2021இல். தீ மூட்டியவனுக்கு மரியாதை தாமதமாக வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நம் ஊரில் இன்னும் வரவே இல்லை.

"இப்போதுதான் கேஸ் அடுப்பு கொடுத்துவிட்டார்களே?" நல்லது. பல மையங்களுக்கு வந்திருக்கிறது, எல்லா மையத்துக்கும் வரட்டும். அடுப்பு மாறினால் இருபத்தைந்து வருடம் குடித்த புகை நெஞ்சிலிருந்து இறங்கிவிடுமா?

"அரசாங்கத்திடம் பணம் இல்லை." நமக்கு ஊதியக்குழு வந்தபோது இந்த வார்த்தையை நாம் சொன்னோமா? ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து வேலைக்கு வந்தவன் நான். என் ஓய்வூதியம் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது. வாங்குகிற கையால் இன்னொருவரின் கோரிக்கையைக் கிண்டல் செய்யக் கூடாது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு எத்தனை பிள்ளைகள் சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்தார்கள் என்பது வகுப்பில் நின்ற நமக்குத் தெரியும். நான் "உள்ளேன் ஐயா" வாங்கிய பிள்ளைகளில் பாதியை உள்ளே வரவழைத்தது என் பாடம் இல்லை, ஆயாம்மாவின் சோறு.

ஞாயிறு இரவு அவரை மறுபடி அழைத்துக் கறியைக் காட்டினேன். சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், அங்க இந்த வேலைக்கு ஆள் வச்சா எவ்வளவு சம்பளம் தருவாங்க?"

மாப்பிள்ளை சொன்ன தொகையை நான் அவரிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் கூடத்தாம்மா" என்று மழுப்பினேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். முதல் வேலையாக அந்த அம்மாவை நெஞ்சுப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். பெயர் சொல்லி, அம்மா சேர்த்துக் கூப்பிடுவேன். சத்துணவு ஊழியர்கள் அடுத்து எங்கே பந்தல் போட்டாலும் ஒரு நாள் போய் உட்காருவேன்.

நண்பரே, உங்கள் கருத்தை அழித்துவிட வேண்டாம். அந்தப் பந்தலுக்கு என்னோடு வாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம், "அது படிச்சுப் பார்க்கிற வேலையா?" என்று நேரில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை நானும் கேட்டுக்கொள்கிறேன்.