தேர் வீதியும் மின்சாரக் கம்பியும்

2022-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி, தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில் அப்பர் பெருமான் விழாவில் ஜனங்கள் இழுத்துச் சென்ற தேர் உயர் அழுத்த மின்சாரக் கம்பியில் பட்டு, சிறுவர் உள்பட 11 பேர் மாண்டனர். மறு வருஷம் ஜூன் 28-ந் தேதி, திரிபுரா ராஜ்யத்துக் குமார்காட் நகரில் ஜகந்நாதர் ரதம் ஆலயம் திரும்பும் உற்சவத்தில், இரும்பு ரதம் கம்பியில் பட்டு ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். இவற்றை விதியின் மீது சுமத்திவிட்டு வாளாவிருப்பது அறிவுடைமையாகாது.

33,000 வோல்ட் வரையிலுள்ள உயர் அழுத்தக் கம்பி வீதியைக் குறுக்கிடுமிடத்தில், தரையிலிருந்து 6.1 மீட்டருக்கு, அதாவது சுமார் 20 அடிக்குக் குறையலாகாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் கூறுகின்றன. கம்பி இழுத்த நாளில் இவ்வுயரம் இருந்திருக்கலாம். பின்னர், சாலைமேல் சாலை போட்டுத் தரை உயர்கிறது; வெயிலாலும் மின்சாரப் பளுவாலும் சூடேறிக் கம்பி தொய்கிறது; ஊரார் ஆசையினால் தேரின் அலங்காரமும் வளர்கிறது. சாலை ஓர் இலாகாவைச் சேர்ந்தது, கம்பி வேறோர் இலாகாவைச் சேர்ந்தது, விழா ஊராருடையது. கம்பிக்கும் தேருக்கும் நடுவிலுள்ள வெளியை அளப்பவர் மட்டும் எவருமிலர். அவ்வெளியிலேதான் யமன் வந்து நிற்கிறான்.

கம்பியைத் தொட்டால்தானே ஆபத்து என்போர் உளர். அது பிழை. இக்கம்பிகள் பெரும்பாலும் உறையற்றவை. தொடாமலே மிக நெருங்கினாலும், மின்சாரம் இடையிலுள்ள காற்றைப் பிளந்து பாயும். கம்பி அறுந்து விழுந்தாலோ, சுற்றியுள்ள நிலத்திலும் அது பரவும். அங்கே அடியெடுத்து வைப்பவனது ஒரு காலினின்று மறு காலுக்கு ஏறக்கூடும். வீட்டு மின்சாரத்துக்கு உதவும் உலர்ந்த கழி இங்கே உயிரைக் காவாது. மின்சாரத்தை நிறுத்துமுன் மீட்க ஓடுபவனும் மடிய நேரும்.

களிமேட்டில் மாண்டவர் குடும்பங்களுக்கு ராஜ்ய சர்க்கார் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குவதாக அறிவித்து, விசாரணைக்கு ஒரு நபர் குழுவையும் நியமித்தது. உதவி செய்தது முறையே; ஆயினும் அஃது உயிர் போன பின் செய்யும் கடமை. முன்னே செய்ய வேண்டியது யாது? உற்சவத்துக்கு முன் இரு இலாகாக்களின் அதிகாரிகளும் ஊர்ப் பெரியோரும் கூடித் தேர் செல்லும் வீதி முழுவதும் நடந்து, கம்பியின் உயரத்தையும் தேரின் உயரத்தையும் தேர்ந்த மின்சார ஊழியரைக் கொண்டு அளந்து, எழுதிக் கையொப்பமிட வேண்டும். தேர் புறப்பட்டு நிலை சேரும் வரை அவ்வீதியில் மின்சாரத்தை நிறுத்திவைக்க வேண்டும். சில நாழிகை இருட்டு எவரையும் கொல்லாது.

ஊர்தோறுமுள்ள பொதுநலத் தொண்டர்கள் அடுத்த விபத்துக்குப் பின் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றக் காத்திராமல், அக்கையொப்பத்தை அடுத்த திருவிழாவுக்கு முன்னரே அதிகாரிகளிடம் கேட்டுப் பெறுவார்களென நம்புகிறோம்.