பாட்டன் பெயர் தெரியாத நாம்

ஆடி அமாவாசையன்று முன்னோருக்குத் திதி கொடுக்கக் கோயிலில் உட்காருகிறோம். குருக்கள் அப்பா பெயரைக் கேட்கிறார், சொல்கிறோம். தாத்தா பெயரைக் கேட்கிறார், பக்கத்தில் இருக்கும் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம். தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்கிறார். யாரும் வாய் திறப்பதில்லை. பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அவரும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? அடுத்த மந்திரத்துக்குப் போய்விடுகிறார். எள்ளையும் தண்ணீரையும் விட்டுவிட்டு நாமும் எழுந்துவிடுகிறோம். சிங்கப்பூரில், இந்த புக்கிட் மேராவில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த மூன்றாவது பெயரில் நின்றுபோனவைதான். என் குடும்பமும் அவற்றில் ஒன்று.

இத்தனைக்கும் நாம் நேற்று வந்தவர்கள் இல்லை. தெற்கே கெப்பல் துறைமுகம். தஞ்சோங் பகாரிலிருந்து கம்போங் பாரு ஓரமாக வடக்கே ஓடிய மலாயா ரயில். அலெக்ஸாண்டிராவில் செங்கல் சூளை. நம் பாட்டன்மாரை இந்தப் பக்கம் இழுத்தவை இவைதான். இன்று டிப்போ சாலையில் இருக்கும் ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் 1913-இல் அந்தச் சூளை வளாகத்துக்குள் தொழிலாளர்கள் எழுப்பிய சிறு கோயில். 1980-களில் இங்கே இடம் மாறி வந்தது. தைப்பூசம், நவராத்திரி என்று வருஷம் தவறாமல் போய்க் கும்பிடுகிறோம். அந்தக் கோயிலுக்கு முதல் கல்லை எடுத்து வைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? அம்மனுக்குப் பட்டுச் சேலை எடுக்கிற அக்கறையில் கால்பங்கு இதற்கு இருந்திருந்தால் போதும்.

ஏடு இல்லையே, எப்படித் தேடுவது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அதனால்தான் நம் குற்றம் கூடுகிறது. வேறு நாடுகளுக்குப் போனவர்களுக்கு ஏடு உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறிய 1,52,184 பேரின் பெயர்ப் பதிவேடுகள் தென்னாப்பிரிக்காவில் இருக்கின்றன. அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். பிஜித் தீவுக்குப் போன 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தனித்தனிக் குடியேற்றச் சீட்டு இருக்கிறது. மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறியவர்களின் புகைப்படங்களைக்கூடப் பாதுகாத்து வைத்திருக்கிறது. மனிதரைச் சரக்காக எண்ணியதால் எழுதிய ஏடுகள் அவை. அந்த முறையை மெச்ச ஒன்றுமில்லை. ஆனாலும் டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரனுக்கு அந்த ஏடுகள் ஒரு வழி.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம்மவர் கதை வேறு. ஒப்பந்தம் போட்டு ஆள் கொண்டுவரும் சஞ்சிக்கூலி முறை இங்கே 1910-இல் நின்றது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. கங்காணி தன் ஊருக்கே போய், சொந்தபந்தம், தெருக்காரர், தெரிந்தவர் என்று ஆள் சேர்த்து வருவார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ டிப்போவில் தங்கவைத்துக் கப்பலேற்றுவார்கள். இன்னும் பலர் யார் தயவும் இல்லாமல் கைக்காசில் டிக்கெட் எடுத்து, மாமனையோ பெரியப்பனையோ நம்பி வந்து இறங்கினார்கள். 1938-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களைப் பயண உதவி தந்து அனுப்புவதை இந்திய அரசு தடுத்த பிறகும் நம்மவரை ஏற்றிவந்த ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நேட்டால் ஏட்டைப்போல ஆள் ஆளாக விவரம் எழுதிய தாள் கிடையாது. அவர்கள் வாயில் இருந்ததுதான் ஏடு. அந்த வாய் நம் வீட்டு வரவேற்பறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது வருஷம் பேசியது. நாம் டிவி சத்தத்தைக் கூட்டினோம்.

நம் பெயர் வைக்கும் முறையும் நம்மைக் காப்பாற்றாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரோடு நின்றுவிடும். ஐசியில் அப்பா பெயர் இருக்கும், அப்பாவின் ஐசியில் தாத்தா பெயர் இருக்கும். அப்பா போனதும் ஐசியும் போய்விடும். தாத்தா பெயரைக் கிராணி எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதியதால் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு அப்பா பெயரில் மூன்று விதமான ஆங்கில எழுத்து. மூன்றையும் ஒருவரே என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். கல்லறைக் கல்லும் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. பெரும்பாலும் தகனம் செய்து சாம்பலைக் கடலில் கரைப்பவர்கள் நாம். அப்படிப்பட்ட சமூகம் அடக்கம் செய்யும் சமூகத்தைவிட இரண்டு மடங்கு எழுதிவைத்திருக்க வேண்டும். நாம் பாதிகூட எழுதவில்லை.

சீன நண்பர்கள் புக்கிட் பிரவுன் மயானத்தில் என்ன செய்தார்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 2011-இல் சாலை போடப்போவதாக அறிவிப்பு வந்ததும் அறிஞர்களும் தன்னார்வலர்களும் கிளம்பினார்கள். 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் ஒவ்வொன்றாக ஆவணப்படுத்தப்பட்டன. அரசும் அதற்குத் துணை நின்றது. பேரன் பேத்திகள் தேடி வந்தார்கள். பிடாடரி மயானத்தில் இந்துக்களுக்கும் ஒரு பகுதி இருந்தது. 2001 முதல் 2006 வரை அந்த மயானம் தோண்டப்பட்டு இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் எழுந்துவிட்டன. நம் சமூகம் அங்கே எத்தனை பெயர்களைப் படி எடுத்தது? 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு தஞ்சோங் பகாருக்கு ரயில் வருவது நின்றபோது, ஊரோடு நாமும் போய்த் தண்டவாளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஸ்பூனர் சாலை ரயில்வே குடியிருப்பிலிருந்து குடும்பங்கள் சாமான் கட்டிக் கிளம்பிய காலமும் அதுதான். தண்டவாளத்தைப் படம் எடுத்த நாம் அந்த வீட்டுக் கிழவிகளிடம், நீங்கள் எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா?

சாதியைப் பற்றியும் பேசியாக வேண்டும். வேரைத் தேடினால் அது வந்து நிற்கும் என்று பயந்து நம்மில் பலர் பேச்சையே எடுப்பதில்லை. 1929-இல் பெரியார் இங்கு வந்து போனார். கோ. சாரங்கபாணியும் உடன் நின்றவர்களும் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயருக்குப் பின்னால் இருந்த சாதி வாலை வெட்டச் சொன்னார்கள், வெட்டினோம். அது நல்ல காரியம். இன்னொரு முறை வெட்டச் சொன்னாலும் வெட்டலாம். ஆனால் வாலை வெட்டும் சாக்கில் ஊரையும் தொழிலையும் பாட்டி பெயரையும் சேர்த்து வெட்டியது நாம் செய்த வேலை. தோல் பதனிட்டவர், மலம் அள்ளியவர், ரோடு போட்டவர், சிறைக்கைதியாக வந்தவர் என்று எந்தப் பாட்டனும் நமக்கு வெட்கமாகத் தெரிந்தார். கைதிகள் கட்டியதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும். அவர்கள் வம்சத்தில் யாரும் நம்மிடையே இல்லாமலா போய்விட்டார்கள்? இங்கே ஒரு குடும்பம், ஊரில் ஒரு குடும்பம் என்று இருந்த தாத்தாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தால் ஊரில் மணியார்டருக்குக் காத்திருந்த அந்தப் பாட்டியின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

கையில் இருந்த காகிதத்தையாவது காப்பாற்றினோமா? புக்கிட் மேராவில் வீடு மாறாத குடும்பம் குறைவு. கம்பத்திலிருந்து வீவகவுக்கு, பிறகு மூவறையிலிருந்து நாலறைக்கு, புளோக்கை இடிக்கிறார்கள் என்றால் புது புளோக்குக்கு. ஒவ்வொரு முறையும் முதலில் கழிபடுவது பாட்டியின் தகரப்பெட்டிதான். அப்படி லிஃப்ட் ஓரம் கிடந்த ஒரு பெட்டியைக் பழைய சாமான் எடுக்கும் காராங்கூனிக்காரர் எடுத்துப்போகும் முன் திறந்து பார்த்தேன். துணிக்கு அடியில் 1950-களின் கல்யாண மொய் நோட்டு ஒன்று. நீல மையில், பெயருக்கு எதிரே ஊரும் தொகையும்: ஒரத்தநாடு, இரண்டு வெள்ளி. மன்னார்குடி, ஒரு வெள்ளி. தெலுக் பிளாங்கா லயம், ஒரு வெள்ளி, பித்தளைக் குடம் ஒன்று. சில பெயர்களுக்குப் பக்கத்தில் தாய்மாமன், சம்பந்தி, பங்காளி என்று சின்ன எழுத்தில். கடைசிப் பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில் திருப்பிச் செய்த மொய்க் கணக்கு. யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள், இங்கே எந்தக் குடியிருப்பில் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்த நாற்பது பக்கத்தில் இருந்தது. எந்த அரசாங்க ஏட்டிலும் இத்தனை உறவு ஒரே இடத்தில் கிடைக்காது. அது எத்தனை குடும்பங்களின் வரலாறு! வீட்டுக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைப்போல மொய் நோட்டு, ஜாதகக் குறிப்பு, கருமாதிப் பத்திரிகை, பழைய பாஸ்போர்ட் என்று இந்த வட்டாரத்தில் மட்டும் எவ்வளவு குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

தேடியவர்கள் இல்லாமல் இல்லை. குலதெய்வம் எது என்று கண்டுபிடிக்கத் தஞ்சாவூர்ப் பக்கமும் இராமநாதபுரம் பக்கமும் அலைந்து பங்காளிகளைக் கண்டுபிடித்தவர்கள் நம்மிடையே உண்டு. குலதெய்வம் தெரிந்தால் வகையறா தெரியும், வகையறா தெரிந்தால் நாலு தலைமுறை பெயராவது கிடைக்கும். அது நம் ஆட்களுக்கே உரிய வழி. ஆனால் கண்டுபிடித்ததை என்ன செய்தோம்? போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். அதே ஊரிலிருந்து வந்த குடும்பம் எதிர் புளோக்கில் இருக்கிறது, அவர்களுக்குச் சொல்லவில்லை. ஊரில் போய்ப் பெயர் கேட்டால் நிலத்தில் பங்கு கேட்க வந்தானோ என்று பங்காளி சந்தேகப்படுகிறார். இங்கே அத்தையிடம் பத்திரத்தைக் கேட்டால் இவனுக்கு எதற்கு என்று அத்தை சந்தேகப்படுகிறார். நாமும் அப்படியே பூட்டி வைக்கிறோம். கங்காணி ஒரே தெருவிலிருந்து பத்துக் குடும்பத்தைக் கூட்டி வந்திருக்கிறார். ஒரு வீட்டில் இருக்கும் துண்டுச் செய்தி மற்ற ஒன்பது வீட்டுக்கும் சாவி. பூட்டி வைத்தால் பத்துக் குடும்பமும் இருட்டில்.

யாழ்ப்பாணத்தார் இதில் நம்மைவிடப் பொறுப்போடு இருந்தார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1867 முதல் 1967 வரை இலங்கையர் வாழ்ந்த நூறாண்டை எஸ். துரைராஜா சிங்கம் தொகுத்து நூலாக்கினார். அவர்களில் படித்தவர், கிராணி வேலைக்காரர் அதிகம், எழுத்து கையில் இருந்தது என்பது சரி. இன்று நம் பிள்ளைகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர் யார்? தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இலிருந்து மக்களின் குரலைப் பதிவு செய்து வருகிறது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. கல்யாணம், இழவு, சங்கக் கூட்டம் என்று நம்மவர் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015-இல் திறந்தாகிவிட்டது. அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை.

ஆகவே, இதைப் படிக்கும் புக்கிட் மேரா குடும்பங்களுக்கும், வெளியே குடிபோனவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். இந்த மாதமே வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, ஊர், தெரு, குலதெய்வம், கப்பல், யார் கூட்டி வந்தது, அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்று கேளுங்கள். சாதி பேச்சில் வந்தால் வரட்டும், அதைச் சுமக்க வேண்டியதில்லை. பழைய புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள். மொய் நோட்டைப் படி எடுத்து, அதில் பெயர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். மூலத்தை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் காப்பகத்தையோ மரபுடைமை நிலையத்தையோ கேட்டுப் பாருங்கள், காராங்கூனியிடம் போடாதீர்கள். கோயில் நிர்வாகங்களும் பழைய ரசீதுப் புத்தகங்களையும் நன்கொடைப் பட்டியல்களையும் கறையான் அரிக்குமுன் படி எடுத்து, கேட்பவர்களுக்குக் காட்ட வேண்டும். ரஜூலாவின் கடைசிப் பயணத்தில் இருபது வயதில் இறங்கியவருக்கே இன்று எழுபது தாண்டிவிட்டது.