3 மீட்டர் வரை வந்து பின்வாங்கிய விண்கலம்: ‘ஸ்பேடெக்ஸ்’ சொல்லும் பாடம் என்ன?

பரமத்தி வேலூர் பைபாஸில் முன்னால் போகும் லாரியைப் பிடிக்கணும்னா என்ன செய்வீங்க? ஆக்ஸிலேட்டரை மிதிப்பீங்க. விண்வெளியில் அப்படிச் செய்தால், பின்தங்கிப் போவீர்கள்!

காரணம் சிம்பிள். வேகத்தைக் கூட்டினால் விண்கலம் உயரமான சுற்றுப்பாதைக்கு ஏறிவிடும். அங்கே ஒரு சுற்று முடிக்க அதிக நேரம் ஆகும். அதனால் முன்னால் போவதைப் பிடிக்க, முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். நெருங்கிய பிறகு மெல்ல மேலே ஏற வேண்டும்.

இஸ்ரோ என்ன செய்தது?

2024 டிசம்பர் 30-ல் பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டில் தலா சுமார் 220 கிலோ எடையுள்ள இரண்டு விண்கலங்கள் கிளம்பின. ஒன்று துரத்துவது (சேஸர்), இன்னொன்று இலக்கு (டார்கெட்). 475 கி.மீ. உயரத்தில் இரண்டுமே மணிக்கு 27,000 கி.மீ.க்கு மேல் பறந்தன. ஆனால் இணையும்போது இரண்டுக்கும் இடையிலான வேகம் நொடிக்கு சுமார் 10 மில்லிமீட்டர்தான் இருக்கலாம்.

லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று ‘வா, வா... போதும்’னு குரல் கொடுக்கும் கிளீனர் வேலையை இங்கே லேசர் கருவியும் கேமராக்களும் பார்த்தன.

ஜனவரி 7-ல் இணைப்பு தள்ளிப்போனது. 9-ம் தேதியும் நடக்கவில்லை. விண்கலம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகிப் போயிருந்தது. 12-ம் தேதி 3 மீட்டர் வரை நெருங்கி, பத்திரமாகப் பின்வாங்கியது. 16-ம் தேதி இணைந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்குப் பிறகு 4-வது நாடு இந்தியா.

தலைப்புச் செய்தி ‘4-வது நாடு’ என்பதுதான். ஆனால் உண்மையான சாதனை அந்த 12-ம் தேதி. கை நீட்டினால் தொடும் தூரத்தில், ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று நிறுத்தத் தெரிந்ததே பெரிய விஷயம். அந்தப் பொறுமைக்குப் பலனும் கிடைத்தது. ஏப்ரல் 20-ல் நடந்த இரண்டாவது இணைப்பில், கடைசி 15 மீட்டரையும் விண்கலம் தானாகவே கடந்தது.

நாமக்கல்லுக்கு என்ன சம்பந்தம்?

சந்திரயான்-2 லேண்டரைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அதற்கான பாறை கிடைத்தது நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில்தான். நிஜமான நிலவு மண்ணை எடுத்துவரப் போவது, ரூ.2,104 கோடியில் தயாராகும் சந்திரயான்-4. அதற்கு பூமியின் சுற்றுப்பாதையிலும், நிலவின் சுற்றுப்பாதையிலும் விண்கலங்கள் இணைந்தே ஆக வேண்டும்.

ஸ்பேடெக்ஸுக்கு இடம் காட்ட ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டல் உதவியது. நிலவைச் சுற்றி அப்படி ஒரு வசதி இல்லை. பூமியிலிருந்து சிக்னல் போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். இங்கிருந்து ‘போதும்’னு குரல் கொடுக்கும் நேரத்தில் காரியம் கெட்டுவிடலாம்.

அதனால் ‘எப்போ ஏவுவீங்க?’ என்று தேதி கேட்டு நெருக்குவதைவிட, ‘எத்தனை ஒத்திகை முடிந்தது?’ என்று கேட்பதே சரி. இன்னும் இரண்டு தடவை தள்ளிப்போனாலும் பரவாயில்லை. மண் பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும்.