பழைய பத்திரம் ஸ்கேனில் மங்குவது ஏன்? கண்ணாடிக்குக் கீழே நடப்பது என்ன?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமோ தென்னந்தோப்போ கைமாறினாலும், அதன் பேரில் கடன் கேட்டாலும் முதலில் தேடுவது மூலப்பத்திரத்தைத்தான். பத்திரப் பதிவின்போது அசல் மூல ஆவணத்தைக் காட்டச் சொன்ன 55ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம், அந்த நிபந்தனையைச் சட்டமாகவே கொண்டுவரும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. அசலுக்கு மதிப்பு குறையவில்லை. ஆனால், அன்றாடம் கைமாறுவது என்னவோ ஸ்கேன் பிரதிதான்.

சிக்கலும் அங்கேதான். நாலாக மடித்து பீரோவில் வைத்த தாளில், மடிப்பில் விழுந்த சர்வே எண் மங்கிவிடுகிறது. அது 3-ஆ, 8-ஆ? ஓர் இலக்கம் மாறினால் பக்கத்துத் தோட்டம்!

ஸ்கேனர் எப்படிப் படிக்கிறது?

செல்போன் கேமரா மாதிரி முழுப் பக்கத்தையும் ஒரே ‘கிளிக்’கில் எடுப்பதில்லை. மெல்லிய ஒரு வரியைப் படிக்கும், நகரும், அடுத்த வரியைப் படிக்கும். 300 டிபிஐ-யில் ஏ4 தாளின் அகலத்துக்கு சுமார் 2,480 புள்ளிகள். நீளத்துக்கு சுமார் 3,500 வரிகள். வெள்ளைத் தாள் அதிக ஒளியைத் திருப்பும், மை குறைவாகத் திருப்பும். அந்த வித்தியாசத்தை சென்சார் மின்சாரமாக்க, கருவி அதை எண்ணாக மாற்றுகிறது.

சிசிடி, சிஐஎஸ்: என்ன வித்தியாசம்?

சிசிடி, 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் கண்டுபிடித்தது. 2009-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இவ்வகை ஸ்கேனரில் கண்ணாடிகளும் லென்ஸும் பக்கத்தின் பிம்பத்தைச் சுருக்கி சிறிய சென்சாரில் விழ வைக்கின்றன. தாள் கொஞ்சம் தூக்கியிருந்தாலும் எழுத்து ஓரளவு தெளிவாக விழும்.

சிஐஎஸ் வகையில் சென்சார் வரிசை பக்கத்தின் அகலத்துக்கே நீண்டு, தாளை ஒட்டியபடி இருக்கும். விலை குறைவு, கருவி மெலிசு, மின்சாரமும் கம்மி. அதனால்தான் கடைகளில் பார்க்கும் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களில் பெரும்பாலும் இதுவே இருக்கிறது. ஆனால், கண்ணாடியை ஒட்டிய தாள் மட்டுமே ஃபோகஸில் இருக்கும். மடிப்பு லேசாக எழும்பினாலே எழுத்து கலங்கிவிடும்.

‘பிளாக் அண்ட் ஒயிட்’ தரும் வினை

ஃபைல் சைஸைக் குறைக்க இந்த செட்டிங்கைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை என்று முடிவாகிவிடும். மங்கிய மையும் வெளிறிய முத்திரையும் ‘வெள்ளை’ பக்கம் போய்க் காணாமல் போகும். பிறகு எந்த ஆப் கொண்டும் மீட்க முடியாது.

என்ன செய்யலாம்?

* கலரில், 300 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.
* மடிப்பை மெதுவாகப் பிரித்து, மூடியைச் சமமாக அழுத்துங்கள்.
* லேமினேஷன் வேண்டாம். பளபளப்பு ஒளியைத் தெறிக்க வைக்கும்.
* கடையை விட்டுக் கிளம்பும் முன், சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் பெரிதாக்கி அசலோடு ஒப்பிடுங்கள்.

சென்சார் பார்க்காத எழுத்து பிடிஎஃப்-பில் இருக்காது. அசலைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் மறுபடி ஒருமுறை ஸ்கேன் எடுக்கவாவது வழி இருக்கும்.