அசையாதவர் இல்லாதவரா?

மடிக்கணினியில் நெடுங்கட்டுரை வாசிக்கும் நம் எல்லோருக்கும் பழகிப்போன இடர் இது. ஒரு பத்தியில் மனம் தங்கி நிற்கும் வேளையில் திரை மங்கும், பின் இருளும், தொட்டால் கடவுச்சொல் கேட்கும். இயந்திரத்தின் கணக்கு எளியது: விசையோ சுட்டியோ அசைந்தால் ஆள் உண்டு, அசையாவிட்டால் ஆள் இல்லை. படம் ஓடும்போது, திரையை அணைக்காதே என்று அதை ஓட்டும் செயலியே இயங்குதளத்திடம் சொல்லிவிடுகிறது. வாசகனுக்காகப் பரிந்து பேசத்தான் பெரும்பாலும் எவருமில்லை.

திரைக்காப்பான் பிறந்தது வேறொரு தேவைக்காக. பழைய படக்குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அதன் வடு பதிந்துவிடும். பின்னாளில் மின்சேமிப்பும் பாதுகாப்பும் காரணங்களாயின. பாதுகாப்பை நாம் இகழவில்லை. அலுவலகத்திலும் நூலகத்திலும் ரயிலிலும் பூட்டாத கணினி, பூட்டாத வீட்டுக்கு ஒப்பானது. ஆனால் நாம் மட்டுமே இருக்கும் அறையிலும் அதே கெடு எதற்கு?

வழிகள் உண்டு. விண்டோஸில் அமைப்புகளுக்குள் சென்று, திரை அணையும் நேரத்தை மின்னிணைப்புக்கும் பேட்டரிக்கும் தனித்தனியே நீட்டலாம். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள 'அவேக்' என்னும் கருவி, நாம் குறித்த நேரம்வரை திரையை விழித்திருக்கச் செய்யும். மேக்கில் டெர்மினலைத் திறந்து 'கஃபினேட்' என்ற கட்டளையை 'டி' என்ற குறியுடன் இட்டால் போதும். கணினிக்குக் காப்பி ஊட்டுவதாகவே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுட்டியைத் தானே ஆட்டும் கருவிகளையும் விற்கிறார்கள். அவற்றை நாம் பரிந்துரைக்க மாட்டோம். 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயக்கத்தைப் போலியாகக் காட்டினார்கள் என்று பன்னிரண்டு பேருக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தது. ஏமாற்று ஏமாற்றுதான். எனினும் அசைவே உழைப்பு என்று அளக்கும் இடத்தில் அசைவுக்குப் போலி முளைப்பதில் வியப்பென்ன? வரைவொன்றைப் படித்து யோசிப்பவரின் கை சும்மாதான் இருக்கும். அலுவலகக் கணினியின் பூட்டு நிறுவனத்துடையது. அதைக் கள்ளத்தனமாகத் தளர்த்துவதைவிட, வாசிப்பதும் வேலையே என்று சொல்லி நேரத்தை நீட்டக் கேட்பதே முறை.

நம் சொந்தக் கணினியிலோ பொறுப்பு நம்முடையது. நேரத்தை நீட்டியவர், எழுந்து போகையில் விண்டோஸ் விசையுடன் 'எல்'லை அழுத்திப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். அந்தப் பழக்கம் கைவந்துவிட்டால், இருக்கிறோம் என்று நிரூபிப்பதற்காக ஒரு நல்ல பத்தியின் நடுவே விரலை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.