கொலையும் கைதட்டலும்

வடசென்னை ரவுடிகளைப் பற்றிய தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2011 இல் வெளிவந்து, வசூலில் தோற்றது. இந்தியத் தேசிய விருதுகள் இரண்டு கிடைத்த பின்னரும், கல்லடிப் பாலத்தடியில் நாம் கேட்கும் தீர்ப்பு மாறவில்லை: “பாட்டுமில்லை, நல்லவன் ஒருத்தனுமில்லை, வாயைத் திறந்தால் தூசணம்.”

பாட்டில்லைதான். ஆனால், நட்சத்திர நாயகன் ஒரே சண்டையில் ஐம்பது பேரை வீழ்த்தும்போது விசிலடிப்பவர்களும் இவர்களேயன்றோ? அங்கே செத்தவனுக்குப் பெயருமில்லை, அழ ஆளுமில்லை. 1990 ஆம் ஆண்டின் படுகொலைகளைக் கண்ட வாவிக்கரையில் இருந்துகொண்டா இந்தக் கைதட்டல்?

குமாரராஜாவின் ரவுடிகள் அஞ்சுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், அற்பமாகச் சாகிறார்கள். குடித்துச் சீரழிந்த தகப்பனை மீட்கக் கொடுக்காப்புளி என்னும் சிறுவன் படும் பாட்டைக் கண்ட பின்னும் ‘நல்லவன் ஒருத்தனுமில்லை’ என்பவர்கள், திரையில் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?